ஹாங்காங்கில் ஒரு போலீஸ்காரன்

"சித்தப்பா, இந்த கேம்ல மட்டும் ஏன் வண்டியெல்லாம் நம்ம ஊர் மாதிரி இடது பக்கமா போகுது?"

இன்று காலை அண்ணன் மகன் கேட்டான். 2012-ல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ். ஹாங்காங் கதை, அங்கே சாலை விதியே அப்படித்தான்.

ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம் என்றால் விடிய விடியப் பேசுகிறவர்களில் பலர் இதைத் தொட்டதே இல்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம்.

நாயகன் வெய் ஷென், டிரையட் என்கிற சீன மாஃபியா கும்பலுக்குள் ஊடுருவிய போலீஸ். மிஷன்களில் இரண்டு மதிப்பெண்கள் தனித்தனியாக ஓடும்.

பொதுமக்கள்மேல் வண்டியை ஏற்றினால் போலீஸ் கணக்கில் குறையும். எதிரியைக் கொடூரமாக அடித்து வீழ்த்தினால் கும்பல் கணக்கில் ஏறும்.

அவன் மனசில் நடக்கிற இழுபறியை வசனமே இல்லாமல் நம் விரல்களுக்குக் கடத்திவிடுகிறார்கள். இதற்காகவே இதைக் கொண்டாடலாம்.

துப்பாக்கி அபூர்வம். பெரும்பாலும் கைச்சண்டைதான். மீன் தொட்டி, டெலிபோன் பூத், சுழலும் ஃபேன் எல்லாமே ஆயுதம்.

குறைகளும் உண்டு. அபூர்வமாக வருகிற துப்பாக்கிச் சண்டையும் சுமார்தான். கிளை வேலைகள் சீக்கிரம் சலிக்கும். காதலிகள் வந்த வேகத்தில் காணாமல் போகிறார்கள், அது சோம்பேறித்தனமான எழுத்து. ஹாங்காங்கின் முக்கியப் பகுதியான கவுலூன் பக்கமே கேமின் வரைபடத்தில் இல்லை.

2011-ல் ஆக்டிவிஷன் என்கிற வெளியீட்டு நிறுவனம் கைவிட்ட கேம் இது. ஸ்கொயர் எனிக்ஸ் என்கிற இன்னொரு நிறுவனம் எடுத்து வெளியிட்டது. உருவாக்கிய வான்கூவர் ஸ்டூடியோ யுனைடெட் ஃப்ரண்ட் கேம்ஸ் 2016-ல் மூடப்பட்டது.

இரண்டாம் பாகம் வரவேயில்லை. 2014-ல் மெருகேற்றி வந்த மறுபதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனையாவது விளையாடிப் பாருங்கள்.