நாலுக்குக் கால் குறைய

தங்கச்சியின் மகள் அடுத்த மாதம் பலெர்மோவுக்குப் போகிறாள், அவளுடைய மனுசன் அங்கேதான் வேலை. நானும் சில வருசம் அங்கே இருந்துவிட்டு வந்தவன், அதனால் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் இருவருமாக இத்தாலியன் படிக்கிறோம்.

கிழமைகளைக் கெதியாகப் பிடித்துவிட்டாள். லுனெதியில் சந்திரன், மார்தெதியில் செவ்வாய், பிறகு மெர்கொலெதி புதன், ஜோவெதி வியாழன், வெனெர்தி வெள்ளி. ஐந்து நாளும் நம்முடைய அதே கோள்கள்தான், சனியும் ஞாயிறும் மட்டும்தான் வேறு.

மணி சொல்வதில்தான் ஆள் மாட்டிக்கொள்வது. நாம் மூன்றே முக்கால் என்று சொல்லும் நேரத்தை அவர்கள் பெரும்பாலும் 'குவாத்ரோ மேனோ உன் குவார்த்தோ' என்பார்கள், அதாவது நாலில் கால் குறைய. நாலேகால் என்றால் 'குவாத்ரோ எ உன் குவார்த்தோ'. போன புதிதில் வைத்தியரிடம் நேரம் கேட்டபோது எனக்கு நாலும் காலும் மட்டும்தான் காதில் விழுந்தது, நடுவில் வந்த 'மேனோ' விழவில்லை. நாலேகாலுக்குப் போய் நின்றேன். அரை மணி பிந்திவிட்டது, பார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சலோடு பஸ்ஸுக்கு நின்ற அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதனால் பிள்ளைக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அவர்கள் எப்படிச் சொன்னாலும் நீ இருபத்துநாலு மணிக் கணக்கில் திருப்பிச் சொல்லு. 'குயிந்திச்சி எ குவரந்தாச்சிங்க்வே, ஜுஸ்தோ?' பதினைந்து நாற்பத்தைந்து, சரியா? கடிதத்திலும் 15:45 என்றுதான் எழுதி வரும், ரயில் அட்டவணையிலும் அப்படித்தான். பேசும்போதுதான் பன்னிரண்டுக்குள் சுருக்கிவிடுவார்கள்.

அப்புறம் மரியாதை. கந்தோரிலோ வைத்தியரிடமோ 'லே வா பேனே?', உங்களுக்குச் சரியா என்று கேட்கவேண்டும். சிநேகிதர் என்றால் 'தி வா பேனே?' போதும். நேரம் ஒத்துவராவிட்டால் பேசாமல் தலையாட்டிவிட்டு வரக்கூடாது, 'ஃபச்சாமோ அல்லே சிங்க்வே?', ஐந்துக்கு வைப்போமா என்று தாராளமாகக் கேட்கலாம். நம் ஆட்கள் பலருக்கு இதுதான் பெரிய கூச்சம். இங்கே 'பின்னேரம் வாறன்' என்றால் மூன்றும் ஆகலாம், ஆறும் ஆகலாம், யாரும் கோவிப்பதில்லை. அங்கே மூன்று மணிக்கு 'பொமெரிஜ்ஜோ', இருட்டுகிற நேரத்துக்கு 'சேரா', இரண்டும் வேறு.

அம்மாவோடு கதைக்கும் நேரத்தையும் இப்போதே எழுதி வைக்கச் சொன்னேன். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டை மாற்றினால் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரைக்கும் மூன்றரை.

நேற்று படிப்பு முடிந்து எழும்பும்போது "நாளைக்கு எத்தினை மணிக்கு மாமா?" என்றாள். இத்தாலியனில் கேள் என்றேன்.

"ஆ கே ஓரா ச்சி வெதியாமோ?"

"அல்லே குவாத்ரோ மேனோ உன் குவார்த்தோ."

கொப்பியை எடுத்து 15:45 என்று எழுதிவிட்டு, "ஜுஸ்தோ?" என்று கேட்டாள்.