எங்கள் துறையில் குளித்த தண்ணீர்

ஜூலை 6

காலை ஐந்தரைக்கெல்லாம் தாமிரபரணி ஆற்றுக்குப் போய்விட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே பொதிகை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. முதல் படியில் கால் வைத்தபோது தண்ணீர் சுரீரென்றது. இரண்டு முழுக்குப் போட்ட பிறகு தண்ணீர் இதமாகிவிட்டது, வெளியே அடித்த காற்றுதான் குளிர்ந்தது.

கல்யாணமாகி இந்தக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. நான் பிறந்தது கோவில்பட்டி. எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் கணக்கு உண்டு. அரிசி களைந்தது மாட்டுக்கு, பாத்திரம் கழுவியது முருங்கைக்கு, துணி அலசியது வாசல் தெளிக்க. தலைக்குக் குளிக்க வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு வாளி. வாக்கப்பட்டு வந்த மறுநாள் அத்தை, "ஏளா, ஆத்துக்குப் போயி குளிச்சிட்டு வந்துரு" என்றார்கள். கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றேன். போதும் என்று சொல்ல அங்கே யாருமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றில் நின்று அழுதால் யாருக்கும் தெரியாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரில் மற்றவர்கள் தங்கம் விலை பார்ப்பதுபோல எங்கள் வீட்டில் காலைப் பேப்பரில் பாபநாசம் அணையின் நீர்மட்டம் பார்ப்பார்கள். முழுக் கொள்ளளவு 143 அடி. மணிமுத்தாறு 118. இந்த இரண்டு எண்ணும் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஜூலை 11

சாரல் விடவில்லை. அப்பளம் காயவில்லை.

எங்கள் வீட்டில் அத்தை காலத்திலிருந்து அப்பளம் இடுகிறோம். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம். சில வீடுகளில் பிரண்டைச் சாறும் சேர்ப்பார்கள். காரத்தையும் உப்பையும் தண்ணீரில் கொதிக்கவைத்து, தெளியவிட்டு, அந்தத் தண்ணீரில்தான் மாவைப் பிசைய வேண்டும். அப்புறம் எண்ணெய் தொட்டுத் தொட்டு உலக்கையால் இடிக்க வேண்டும். இடி குறைந்தால் பொரிக்கும்போது அப்பளம் விரியாது. உருட்டி, துண்டு போட்டு, குழவியால் தேய்த்து, வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு நிழலில். வெயில் கூடினால் நொறுங்கும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். இந்தச் சாரலில் இரண்டும் நம் கையில் இல்லை. கூடத்தில் பாய் விரித்து மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்திருக்கிறேன். வீடு முழுக்கப் பெருங்காய வாசம்.

கல்லிடை அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு தடவை கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தபோது அங்கே உள்ள தண்ணீரில் மாவு பிசைந்து பார்த்துவிட்டு, "இது வேற" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நான் அதை நம்புகிறேன்.

ஜூலை 18

இவர்களோடு, என் வீட்டுக்காரரோடு, வயலுக்குப் போனேன். கார் நெல் பச்சை பிடித்துவிட்டது. எங்கள் துண்டு நிலத்துக்குக் கன்னடியன் கால்வாய்ப் பாசனம்.

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. அந்தக் காலில் பாயும் நிலம் சுமார் 12,500 ஏக்கர். அந்தப் பேருக்கு ஒரு கதை உண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு பிராமணர், தனக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்வதென்று அகத்தியரிடம் கேட்டாராம். ஒரு பசுவை அவிழ்த்து விடு, அது போகும் வழியெல்லாம் கால் வெட்டு, படுக்கும் இடத்தில் குளம் வெட்டு, கோமியம் விடும் இடத்தில் மடை வை என்று வந்ததாம் பதில். அத்தை இந்தக் கதையைச் சொல்லும்போது, பசு நம்ம வயலுக்கு மேலாகப் போனதால்தான் நமக்கு மடை கிடைத்தது என்று முடிப்பார்கள். தன் சொந்த அத்தை வளர்த்த பசுவைப் போல அவ்வளவு உரிமை!

வாய்க்கால் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் மாடு நடந்த தடம் மாதிரிதான் இருக்கிறது. நிலத்தின் மேடுபள்ளம் தெரிந்த யாரோ வெட்டியிருக்கிறார்கள். பேர் தெரியாத அந்த மனிதர் தன் பொன்னை மண்ணில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதை இன்றைக்கும் நாங்கள் சாப்பிடுகிறோம்.

இந்தக் காலிலிருந்துதான், வெள்ளாங்குளியில், வெள்ளநீர்க் கால்வாயும் பிரிகிறது. கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட காட்டுக்கு மழைக்காலத்து உபரித் தண்ணீரைக் கொண்டுபோக 2009இல் தொடங்கிய வேலை. நீளம் 75 கிலோமீட்டர். "நம்ம தண்ணிய எங்கயோ கொண்டுபோறாங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னதாக இவர்கள் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பக்கத்து வீடுகளிலும் என்னைப் போல ஒரு பெண் முருங்கைக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பாள்.

ஜூலை 22

ஊர் வழியாக வண்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. வேன், லாரி, பஸ், எல்லாம் மேற்கே பார்த்து. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் ஆடி அமாவாசை. புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். பாய், தலையணை, கிடா, சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஜூலை 24

அமாவாசை. துறையில் கால் வைக்க இடமில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் படி முழுக்க. பிண்டத்துக்கு மீன்கள் மொய்த்தன. நானும் அப்பாவை நினைத்து மூன்று கை தண்ணீர் விட்டேன்.

வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் நடு ஆற்றுக்கு நீந்தப் பார்த்தார்கள். அத்தை கரையிலிருந்து போட்ட சத்தத்தில் திரும்பி வந்தார்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் ஆளை முழுக்கும் ஆழமான கசம் இருக்கிறது. இங்கே பிறந்தவர்கள் எந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று நடக்கப் பழகும்போதே பழகிவிடுகிறார்கள். நான் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 26

காலையில் முழுகி எழும்போது காலைச் சுற்றி என்னவோ பிடித்தது. பாம்பென்று பதறிவிட்டேன். சேலை. பச்சைக் கரை போட்ட நைலக்ஸ் சேலை, பாறைக்கிடையில் சிக்கி நீளமாக ஆடிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் ஒரு வேட்டி, ஒரு குழந்தைச் சட்டை.

பாபநாசத்தில் முழுகி உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் பாவமும் பீடையும் அதோடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு வருஷமும் டன் கணக்கில் அள்ளுகிறார்கள். போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள், ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். அப்படியும் தப்பியதெல்லாம் கீழே வருகிறது. முன்காலத்து நூல் துணி என்றால் மக்கிப் போயிருக்கும். இந்த நைலக்ஸும் பாலியெஸ்டரும் பாறையில் சுற்றி வருஷக்கணக்கில் கிடக்கின்றன. மீன் அதில் மாட்டிச் சாவதைப் பார்த்திருக்கிறேன்.

மகன் எட்டாம் வகுப்பு. அவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் சாயங்காலம் இறங்கி இழுத்தார்கள். இரண்டு உரச் சாக்கு நிறைந்தது. ஈரத்துணி என்ன கனம்!

"இதெல்லாம் யாரும்மா போடுறது?" என்று கேட்டான்.

வாய் வரைக்கும் வந்த பதிலைச் சொல்ல முடியவில்லை. அப்பா இறந்த வருஷம் நாங்களும் பாபநாசத்துக்குத்தான் போனோம். துறையில் ஒருவர் சொன்னார் என்று அம்மா உடுத்தியிருந்த சேலையை ஆற்றில் விட்டோம். நான்தான் கையில் வாங்கி விட்டேன். கத்தரிப்பூ நிறம். கொஞ்ச தூரம் உப்பிக்கொண்டு போய் அப்புறம் முங்கியது இன்னமும் கண்ணில் நிற்கிறது.

ராத்திரி மகனிடம் சொல்லிவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டான்.

ஜூலை 27

அம்மா போன் பண்ணினாள். "தண்ணி வந்துச்சு தாயீ, எட்டு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் வந்துச்சு. எல்லாத்தையும் ரொப்பி வச்சுட்டேன், டம்ளரு முதற்கொண்டு" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

கோவில்பட்டிக்குத் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வருகிறது. திருநெல்வேலியைத் தாண்டி, சிற்றாறு வந்து சேருகிற இடம். ஆற்றுப் படுகையில் கிணறு போட்டு உறிஞ்சிக் குழாயில் அனுப்புகிறார்கள். அதுவும் இதே தாமிரபரணிதான். மலையிலிருந்து இறங்கி, எங்கள் துறையைத் தொட்டு, சேரன்மகாதேவி, திருநெல்வேலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அப்புறம்தான் அம்மாவின் குடத்துக்குப் போகிறது. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ தடவை சீவலப்பேரி என்ற பேரைக் கேட்டிருக்கிறேன். நேற்று அந்தச் சேலையை இழுத்த பிறகுதான் இரண்டும் ஒரே தண்ணீர் என்று உடம்பில் உறைத்தது.

எங்கள் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று இன்றைக்குப் போய்ப் பார்த்தேன். துறைக்குக் கீழே, நூறு அடி தள்ளி, நேரே ஆற்றில். நாங்கள் குளிக்கிற இடத்துக்குக் கீழே என்பதால் இத்தனை வருஷம் யாருக்கும் அது உறுத்தவில்லை. எனக்கும் உறுத்தவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை. அப்பளம் ஓரளவு காய்ந்தது. நாளைக்கு இவர்கள் நெல்லைக்குச் சரக்கு கொண்டுபோகிறார்கள்.

ஆகஸ்ட் 10

பின்கட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்தார். சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கோடு இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் நின்ற உயரம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது முதல் மழை. மழை என்று சொன்னால் போதாது, ஓட்டின்மேல் யாரோ சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல நிற்காமல் கொட்டியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அணைகள் நிறைந்து திறந்துவிட்டார்கள். சாயங்காலம் துறை மண்டபம் கண்ணுக்குத் தெரியவில்லை. ராத்திரி அத்தையை மச்சுக்கு ஏற்றினோம். அப்பள மாவு நாலு மூட்டை போய்விட்டது. ஆற்றின் சத்தம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது, தரையிலிருந்து வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி மறுநாள் கேட்டபோது, நாங்கள் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டோம்.

அத்தை ஆற்றைத் திட்டவில்லை. "1992லயும் இப்படித்தான் வந்தா" என்றார்கள். அவர்களுக்கு ஆறு எப்போதும் அவள்தான். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், சகதியில் ஊன்றுகோலை ஊன்றிப் போய் ஒரு குத்து மஞ்சளும் பூவும் போட்டுவிட்டு வந்தார்கள். எனக்கு அப்போது கோபமாக இருந்தது. இப்போது இல்லை.

ஆகஸ்ட் 17

அம்மா வந்திருக்கிறாள். ரயிலில் வந்து இறங்கினாள். வரும்போதே கையில் இரண்டு காலி ஐந்து லிட்டர் கேன். "போகையில ரொப்பிட்டுப் போறேன்."

ஆகஸ்ட் 18

அம்மாவைத் துறைக்குக் கூட்டிப் போனேன். தண்ணீரில் கால் வைக்கும் முன் குனிந்து கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். குளித்து முடித்து, சேலையைக் கல்லில் போட்டுச் சோப்புத் தேய்த்தாள். பிறகு செய்ததுதான் எனக்குப் புதிதாக இருந்தது. சேலையை ஆற்றில் முக்கவில்லை. வாளியில் தண்ணீர் மொண்டு கரைக்குக் கொண்டுபோய், அங்கேயே அலசி, நுரைத் தண்ணீரைக் கரையில் நின்ற புங்கமரத்துக்கு ஊற்றினாள். மூன்று நடை. எழுபது வயசுக் கால்.

"ஆத்துலயே அலசேன்மா."

"மரத்துக்கு ஆகும்ல."

பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆகஸ்ட் 20

இரண்டு அம்மாக்களையும் திருப்புடைமருதூர் கூட்டிப் போனோம். கடனா நதி வந்து தாமிரபரணியில் சேருகிற ஊர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே மரச் சிற்பமும் சுவர் ஓவியமும் பார்க்க ஒரு நாள் போதாது. ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது கரையில் உள்ள மருதமரங்கள்தான். பறவைகள் தங்கும் இந்த இடம் 2005இல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அப்படி முதலாவது. ஊர்க்காரர்களே முன்னின்று பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் துறைக்கும் அப்படி ஊர் முன்னின்றால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் இவர்களிடம் சாக்கடைப் பேச்சை எடுத்தேன். மனு எழுதலாம், தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்றார்கள்.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது அம்மாவிடம் அந்தக் கத்தரிப்பூச் சேலையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தாள்.

"வீட்டுக்குக் கொண்டாந்திருக்கலாம். அவரு எடுத்துக் குடுத்த சேலை அது."

ஆகஸ்ட் 23

அம்மா ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு கேனும் நிறைந்து போயிருக்கிறது. மனுவில் இதுவரை பதினேழு கையெழுத்து.

அத்தை காலையில் துறைக்கு வாளி எடுத்து வந்தார்கள். இதுவரைக்கும் எடுத்து வந்ததில்லை.

ஆகஸ்ட் 29

காலையில் அம்மா போன். தண்ணீர் வந்திருக்கிறதாம். பின்னால் குடத்தில் விழும் சத்தம் கேட்டது.

"நான் அங்கன குளிச்ச தண்ணியா இருக்கும், இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு" என்றாள். "நல்லா இருக்கு தாயீ. தெளிவா இருக்கு."