காதுக்காக ஒரு சப்ரெசர், கைக்காக ஒரு துப்பாக்கி

என் வலது காது பத்து வயதிலேயே பாதி போய்விட்டது. சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்தது. மதுரையில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் முழுதாகச் சரியாகவில்லை. அதனால் இடது காதை நான் கண்ணைப் போலக் காத்து வருகிறேன். அப்படிப்பட்டவளுக்குத் துப்பாக்கி சுடுவதில் ஆசை வந்ததுதான் சிக்கல்.

ஹூஸ்டனுக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. எச்1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கிப் பேச்சே எடுக்கவில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க இங்கே மத்திய சட்டம் அனுமதிப்பதில்லை. இதைத் தெரியாமல் நண்பரின் துப்பாக்கியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எனக்குக் கிரீன் கார்டு வந்து, அப்புறம் குடியுரிமையும் வந்த பிறகுதான் பக்கத்துத் தெரு அக்கா ஒருவரோடு முதன்முறையாகத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன்.

முதல் நாளே பிடித்துப்போனது. மூச்சை அடக்கி, பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தி, விரலை மட்டும் மெதுவாக நகர்த்தும் அந்த ஒரு நிமிடத்தில் மனம் வேறெங்கும் போவதில்லை. ஆனால் காதில் பஞ்சும் அதன் மேல் காதை மூடும் மஃபும் போட்டிருந்தும், அன்று இரவு இடது காதில் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விடிய விடியத் தூக்கமில்லை. பயந்துபோய் காது மருத்துவரிடம் ஓடினேன். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் சத்தம் ஏறக்குறைய 160 டெசிபல் என்றும், 140-க்கு மேல் போகும் திடீர்ச் சத்தம் ஒரே தடவையில்கூடக் காதைக் கெடுக்கலாம் என்றும் சொன்னார். சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் உள்ளரங்க ரேஞ்சை விட்டுவிடச் சொன்னார். சப்ரெசர், அதாவது துப்பாக்கிக்கு மாட்டும் சைலன்சர், என்ற பேச்சை எடுத்தவரும் அவர்தான்.

சைலன்சர் என்றால் நமக்கு பைக்கில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். அதில் தவறில்லை, இரண்டும் உறவுதான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் மஃப்ளர்களையும் அவர் செய்தார். வேலை ஒன்றேதான்: அழுத்தத்தோடு வெளியே பாயும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, ஆறவைத்து அனுப்புவது. சினிமாவில் வருவதுபோல 'புஸ்' என்று கேட்காது. 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். 160 இருந்தது 130 சொச்சத்துக்கு வரும். அதற்கு மேல் மஃபும் போட்டால் என் காது பிழைக்கும். எனக்கு அது போதும்.

கை விஷயத்துக்கு வருகிறேன். என் உள்ளங்கை சின்னது. ரேஞ்சில் வாடகைக்குக் கிடைத்த தடித்த துப்பாக்கிகளைப் பிடித்தால் விரல் ட்ரிகரை எட்டுவதற்காக மணிக்கட்டை வளைக்க வேண்டியிருந்தது. குறி எப்போதும் இடதுபக்கம் இழுத்தது. ஒல்லியான பிடி உள்ளதை முதன்முறை எடுத்தபோது, கத்தரிக்காய் நறுக்கும் சொந்தக் கத்தியைப் பிடித்த மாதிரி கையில் உட்கார்ந்தது. முடிவு அப்போதே ஆகிவிட்டது: ஒல்லியாக வேண்டும், சப்ரெசரும் பொருந்த வேண்டும்.

இந்த இரண்டும் ஒன்றாகச் சேருவது எளிதில்லை என்பதைக் கடைக்காரர்தான் புரியவைத்தார். பெரும்பாலான 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகளில் சுட்டவுடன் பேரலும் (தோட்டா பாயும் குழாய்) அதன் மேல் ஓடும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்து பின்னால் வரும். அப்புறம் பேரலின் பின்பாகம் கீழே சாய, பூட்டு விடுபட்டு ஸ்லைடு மட்டும் மீதி தூரம் போகும். அந்தப் பேரலின் நுனியில் கால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் அது ஒழுங்காகச் சாயாது. ஒல்லித் துப்பாக்கியில் எல்லாமே சிறிது: லேசான ஸ்லைடு, விறைப்பான ஸ்பிரிங், குறுகிய ஓட்டம். சின்ன மாற்றத்தைக்கூட அது பொறுத்துக்கொள்ளாது.

இதற்குத்தான் சப்ரெசரின் அடியில் பூஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு பிஸ்டனும் ஸ்பிரிங்கும். பேரல் பின்னால் நகரும் அந்தக் கணத்தில் சப்ரெசர் நின்ற இடத்திலேயே நிற்கும். பேரலுக்கு அதன் எடை தெரியாது. பேரல் அசையாத துப்பாக்கிகளுக்கு இது தேவையில்லை. 'ரூகர் மார்க் 4' போன்ற, பாயிண்ட் 22 என்ற சிறு தோட்டா போடும் துப்பாக்கிகள் அந்த வகை. சத்தமும் செலவும் குறைந்தவை. தொடங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். எனக்கு 9 மில்லிமீட்டர் வேண்டியிருந்தது, ரேஞ்சுப் போட்டிகளுக்காக.

வாடகைக்கு எடுத்து மூன்று ஒல்லித் துப்பாக்கிகளில் சப்ரெசர் மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று (பெயர் வேண்டாம்) நான்காவது தோட்டாவில் நின்றது. காலி உறை வெளியே விழாமல் ஸ்லைடின் ஜன்னலில் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. குழாயை இலக்கின் பக்கமே வைத்தபடி தோட்டா அடுக்கிய மேகசினை உருவி, ஸ்லைடை இழுத்து உறையைத் தட்டிவிட்டேன். மறுபடி ஆறாவது தோட்டாவில் அதே கதை. சப்ரெசரைக் கழற்றினால் ஐம்பது தோட்டாவும் தடையின்றி ஓடியது.

சிக் பி365எக்ஸ்எல், கிளாக் 43எக்ஸ், கிளாக் 48 என்ற மூன்று ஒல்லி மாடல்களையும் மனதில் வைத்துக் கணக்குப் போட்டேன். 43எக்ஸ், 48 இரண்டுக்கும் ஸ்லைடு 22 மில்லிமீட்டர் அகலம்தான், பிடியும் ஒன்றே. 48-இன் பேரல் மட்டும் நீளம், 4.17 அங்குலம், மற்றதற்கு 3.41. நீளப் பேரலில் வெடிமருந்து கொஞ்சம் கூடுதலாக எரிந்து முடியும், ஸ்லைடும் சற்றுக் கனமாக இருக்கும். சப்ரெசர் மாட்டப்போகிறவளுக்கு இரண்டுமே நல்லது. 48-ஐ வாங்கி, சப்ரெசரைத் திருகுவதற்கு நுனியில் மரை போட்ட பேரலைத் தனியாக வரவழைத்தேன்.

மரையில்தான் சறுக்கினேன். 9 மில்லிமீட்டரில் அமெரிக்க வழக்கம் அரை அங்குலம், அங்குலத்துக்கு 28 மரை, வலம் சுற்று. ஐரோப்பிய வழக்கம் 13.5 மில்லிமீட்டர், இடம் சுற்று. பேரல் முதல் வகை. சப்ரெசரோடு கடை தந்த பிஸ்டன் இரண்டாம் வகை. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். அரைச் சுற்றிலேயே கடித்தது. நல்லவேளை, பலம் கொடுத்துத் திருகவில்லை. பிஸ்டனை மாற்ற இன்னொரு வாரம். வாங்குவதற்கு முன் இரண்டின் அளவையும் தாளில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள்.

எந்தப் பேரல் வாங்கினாலும் சப்ரெசர் அதனோடு நேர்க்கோட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சுடாதீர்கள். பேரலைத் துப்பாக்கியிலிருந்து தனியே கழற்றி, சப்ரெசரைத் திருகி, அளவான எஃகுக் கம்பியை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வாய்ப்புறத்தில் கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் தோட்டா உள்ளே தகடுகளில் உரசும். சப்ரெசர் போய்விடும், கையும் போகலாம்.

காகித வேலைக்கு நான் பயந்த அளவு பாடில்லை. 1934 சட்டப்படி ஒவ்வொரு சப்ரெசரும் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் என்ற மத்தியத் துறையில் பதிவாக வேண்டும். 42 மாநிலங்களில் வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு வழியில்லை. விரல் ரேகை, புகைப்படம், பதிவுக்கான 'படிவம் 4', உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு பிரதி. எல்லாம் கடையிலேயே கணினியில் முடிந்தது. 200 டாலர் வரி கட்டினேன். 1934-இல் வைத்த தொகை, அதன் பிறகு ஏறவே இல்லை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தால் 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம் ஆகும் என்று தெரிந்தும் நான் ஆகஸ்டில் விண்ணப்பித்தேன். நாலைந்து மாதம் காத்திருக்க என் காதுக்குப் பொறுமை இல்லை. வரி போனாலும் பதிவும் ரேகையும் அப்படியேதான் இருக்கின்றன. ஒப்புதல் ஒன்பதாம் நாள் வந்தது.

ஒரு விஷயத்தை முன்பே யோசித்திருக்க வேண்டும். என் பெயரில் பதிவானதால் என் கணவர் அதைத் தனியாக ரேஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது. நான் பக்கத்தில் இருந்தால் அவர் சுடலாம், அவ்வளவுதான். டிரஸ்ட் என்ற சட்ட அமைப்பை உருவாக்கி, அதன் பெயரில் பதிந்து, இருவரும் ரேகை கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெட்டகத்தின் எண்ணும் இப்போது எனக்கு மட்டுமே தெரியும். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். அடுத்தது டிரஸ்ட் பெயரில் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோட்டாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,125 அடி. சாதாரண 115 கிரெய்ன் (தோட்டா எடையின் அளவு) தோட்டா பல சமயம் அதைத் தாண்டும், அப்போது சாட்டை சொடுக்கிய சத்தம் தனியாக எழும். சப்ரெசரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கனமான 147 கிரெய்ன் தோட்டா ஆயிரத்துக்குக் கீழேயே போகும். விலை கூட. ஆனால் வித்தியாசம் என் காதுக்கே தெரிகிறது. இன்னொன்று, சப்ரெசர் துப்பாக்கியின் பார்வைக் குறிகளை மறைக்கும். உயரமான குறிகளை மாட்டிய பிறகுதான் இலக்கு தெரிந்தது. வாயு முகத்தின் பக்கம் திரும்பி வரும் என்பதால் கண்ணாடி கட்டாயம். துப்பாக்கியும் இரண்டு மடங்கு அழுக்காகிறது.

சரியான பிஸ்டன் கைக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே உள்ள திறந்தவெளி ரேஞ்சுக்கு அக்காவோடு போனேன். இரண்டு துண்டாகப் பிரியும் சப்ரெசரில் முன் துண்டைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த குட்டை வடிவில் மாட்டினேன். மஃபைப் போட்டுக்கொண்டு பத்துத் தோட்டா நிரப்பினேன். பத்தும் நிற்காமல் ஓடின. மஃபுக்குள்ளிருந்தே, காலி உறை ஒவ்வொன்றும் சிமெண்டுத் தரையில் 'டிங்' என்று விழுந்து உருள்வது எனக்குக் கேட்டது. அக்கா தோளைத் தட்டி, "என்னடி, காது எப்படி இருக்கு?" என்றார். அவர் கேட்ட கேள்வியும் கேட்டது.

அன்று இரவு தலையணையில் இடது காதை வைத்துப் படுத்துக் காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.