முதல் ஐந்து நிமிடங்கள்

செப்டம்பர் 4

இயற்கணித வகுப்பு. மணி அடித்ததும் 'மாறி', அதாவது எண்ணுக்குப் பதிலாக நிற்கும் எழுத்து, என்பதன் வரையறையைக் கரும்பலகையில் எழுதினேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள், ஒருவரும் நிமிரவில்லை. கேள்வி பிறக்கும் முன்பே விடையை நீட்டிவிட்டேன். நாளை இப்படித் தொடங்கக் கூடாது.

செப்டம்பர் 5

"ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். இரட்டியுங்கள். பத்தைக் கூட்டுங்கள். பாதியாக்குங்கள். முதலில் நினைத்த எண்ணைக் கழியுங்கள். ஐந்து வந்ததா?"

எல்லாருக்கும் ஐந்து. "பின்னத்தை நினைத்தாலும் ஐந்துதானா, டீச்சர்?" என்றாள் கடைசி பெஞ்சு மாணவி. அரையை வைத்துப் பார்த்தோம்: 1, 11, 5½, 5. குறை எண் −3 இலும் அதேதான். ஒவ்வோர் எண்ணாகச் சோதித்தால் முடிவே இருக்காது என்று அவர்களே சலித்த பிறகு, நினைத்த எண்ணுக்கு ஒரு பெட்டி வரைந்தேன். இரண்டு பெட்டி, பத்துப் புள்ளி. பாதியாக்கினால் ஒரு பெட்டி, ஐந்து புள்ளி. பெட்டியை அழித்தேன், ஐந்து புள்ளிகள் நின்றன. அதற்குப் பிறகுதான் பெட்டியின் இடத்துக்கு எக்ஸ் வந்தது. பாடத்துக்குள் கொண்டுபோகாத புதிர், எவ்வளவு சுவையானாலும், எனக்கு வேண்டாம்.

செப்டம்பர் 8

தீக்குச்சிகளால் வரிசையாகச் சதுரங்கள். ஒன்றுக்கு 4 குச்சி, இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. நூறு சதுரத்துக்கு? "நானூறு" என்றான் ஒருவன். "நடுச்சுவர் பொதுவாச்சே!" என்று பக்கத்தில் இருந்தவள் ஒரு குச்சியைத் தொட்டுக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படிக் காத்திருப்பதுதான் எனக்கு மிகவும் கடினம்.

சதுரங்களின் எண்ணிக்கையை 'ச' என்று வைத்தோம். ஒரு குழு 4 + 3(ச − 1) என்றது. இன்னொன்று 3ச + 1. மூன்றாவது குழு மேல்வரி, கீழ்வரி, நிற்கும் குச்சிகள் என்று பிரித்து ச + ச + (ச + 1) என்றது. எது சரி என்று சண்டையே வந்துவிட்டது. சுருக்கிப் பார்த்தால் மூன்றும் ஒன்று! இப்படி எழுத்தும் எண்ணும் கலந்த கோவைகளைச் சுருக்குவது எதற்கு என்று இன்று யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 9

நேரமில்லை. நேராகப் பயிற்சிக் கணக்கு. வகுப்பு மந்தமாகவே போனது.

செப்டம்பர் 10

சுமார் கி.மு. 1550 ஐச் சேர்ந்த எகிப்தியப் பாப்பிரசு (கோரைத் தாள்) சுருளிலிருந்து ஒரே வரி: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. குவியல் எவ்வளவு?

"நம் பெட்டிதான் அவர்களுக்குக் குவியல்" என்றான் ஒருவன். அந்தக் காலத்தவர் 7 என்று வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். 7 உம் 1 உம் 8, ஆனால் வேண்டியது 19. எட்டை எத்தனை மடங்காக்கினால் 19 வருமோ, ஏழையும் அத்தனை மடங்காக்க வேண்டும். விடை 16⅝. இவ்வளவு கோணலான எண்ணா என்று நம்பாமல், நானூறு சொன்ன அதே மாணவன் பலகைக்கு வந்து ஏழால் வகுத்தான். 2⅜ வந்தது. இரண்டையும் கூட்டி, 19 ஐச் சுற்றி வட்டம் போட்டான்.