நாலு துளி பெற்றோல்

ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவு பெரியதல்ல. ஆனாலும் மே மாதத்தில் இரண்டு கிழமை மழை பெய்தால் போதும், புல் முழங்காலை எட்டிப் பார்க்கும். ரொறொன்ரோ நகரசபையோ புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. ஊரில் வளவில் புல் நின்றால் மாடு தின்னும். மாடில்லாத வீடென்றால் பாம்பு குடியிருக்கும். இங்கே நகரசபையிலிருந்து அடிமட்டத்தோடு வந்து அளந்தவரை நான் கண்டதில்லை.

விக்டோரியா தின வார இறுதியில் புல்வெட்டியைக் கராஜிலிருந்து வெளியே எடுத்தேன். பெற்றோலை உள்ளே தள்ளும் ரப்பர் குமிழை மூன்று தடவை அமுக்கி, கைபிடியோடு கம்பியைச் சேர்த்துப் பிடித்து, கயிற்றை இழுத்தேன். இருபது தடவை இழுத்தேன். ஒரு செருமல்கூட இல்லை. தோள்மூட்டுதான் சத்தம் போட்டது. சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என்னப்பா, கடையில் கொடுத்துவிடலாமே?" என்றார். கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். திறந்து பார்ப்பதற்கே அறுபது டொலர், திருத்துவதற்குத் தனிக் கணக்கு, மூன்று கிழமை காத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று கிழமையில் புல் எங்கே நிற்கும், நகரசபை எங்கே நிற்கும்?

அப்போதுதான் மாமாவின் ஹொண்டா நினைவுக்கு வந்தது. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துபோலத் துளிக் கணக்கில் இருந்த பொருள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது, தீப்பற்றாது. ஆகவே மாமா ஒரு சிறிய போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்பார். இயந்திரம் அந்தத் துளிகளில் கிளம்பிச் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பின்னால் வெண்புகை தெருவையே மறைக்கும். பொறி தட்டும் பிளக்கில் கரி படிந்து பாதி வழியில் நின்றுவிடும் என்பதால் பிளக் கழற்றும் சாவி எப்போதும் அவருடைய சாரத்து மடியில் இருக்கும்.

அதே வித்தையைச் செய்தேன். வெட்டவெளியில், காற்று வடியைக் கழற்றி, போத்தல் மூடியால் நாலு துளி பெற்றோலை உள்ளே விட்டு, வடியைத் திரும்பப் பூட்டி, ஒரே இழுப்பு. இயந்திரம் உறுமியது. மூன்று விநாடிதான், பிறகு செத்தது. அந்த மூன்று விநாடி போதும். பிளக்கில் பொறி இருக்கிறது, சிலிண்டரில் அமுக்கம் இருக்கிறது. தாங்கியிலிருந்து பெற்றோல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். துளி விட்டும் அசையவில்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருப்பேன்.

பெற்றோல் குழாயைக் குறட்டால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, காபரேற்றரின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே இருந்ததைப் பெற்றோல் என்று சொல்ல மனம் வரவில்லை. தேன் நிறத்தில் பிசின், அதற்குக் கீழே நீர்க்குமிழ்கள், பழைய வார்னிஷ் மணம். குற்றவாளி நானேதான். ஒக்ரோபரில் தாங்கி பாதி நிறைந்தபடியே புல்வெட்டியை மூலையில் தள்ளியிருந்தேன். இங்கே விற்கும் சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெற்றோலின் இலேசான பகுதி பறந்துபோக, மிஞ்சியது பிசினாகும். ஆறு மாதம் தாராளமாகப் போதும்.

என்னுடைய இயந்திரத்தில் கிண்ணத்தைப் பூட்டும் பித்தளை ஆணியே பெற்றோல் செல்லும் வழியும். அதில் ஊசிமுனை அளவு துளை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், மறுபக்கம் தெரியவில்லை. பழைய மின்வயரை உரித்து ஒரு செப்பு இழையை எடுத்து மெதுவாகக் குத்தினேன். மாமா சைக்கிள் பிரேக் கம்பியின் இழையால்தான் குத்துவார். அது உருக்கு, பித்தளைத் துளையைத் தின்று பெரிதாக்கிவிடும். அவருடைய ஹொண்டா அவ்வளவு எண்ணெய் குடித்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ. துப்புரவுத் திரவம் அடித்து, துளையில் வெளிச்சம் தெரிந்ததும், தாங்கியைக் காலியாக்கிப் புதுப் பெற்றோல் விட்டேன்.

கையோடு கையாக, புல்லை வெட்டும் தகட்டையும் பார்த்தேன். பிளக்கின் வயரைக் கழற்றாமல் அதன் கிட்டப் போவது முட்டாள்தனம். தகட்டைக் கையால் சுழற்றினாலே இயந்திரம் ஒரு முறை கிளம்பித் தகட்டைச் சுழற்றிவிடக்கூடும். சரிக்கும்போது காற்று வடி மேல்பக்கம் இருக்க வேண்டும். போன வருடம் மறுபக்கம் சரித்து, ஒயில் முழுவதும் வடிக்குள் இறங்கி, பக்கத்து வீட்டாரின் இறைச்சி வாட்டும் விருந்துக்கு நான் இலவசமாகப் புகை வழங்கினேன். தகட்டை அரத்தால் தீட்டி, நடுத்துளையைச் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் தாழ்ந்தது. அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவினேன்.

இரண்டாவது இழுப்பில் பிடித்தது.

ஓடுவதைக் கைபேசியில் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பினேன். அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. அரை மணித்தியாலம் கழித்துக் குரல்பதிவு வந்தது: "நல்ல சத்தம், தம்பி. மண்ணெண்ணெயில் விட்டுப் பார்த்தாயா?"