ஜாலி பாயும் அப்பாவோட மீசையும்

போன பிப்ரவரில அந்தமான் போனோம், நானு, வைஃப், அம்மா, அப்பா. ஹேவ்லாக் தீவு பத்தி ஏற்கனவே ஊரே எழுதிடுச்சு அதனால அத விட்டுடறேன், ஜாலி பாய் தீவுக்கு போன அந்த ஒரு நாள மட்டும் எழுதணும். பேர சொன்னதுமே அப்பா கேட்ட மொத கேள்வி "அது யாருப்பா, எந்த பாயோட தீவு?" பாயும் இல்ல பையனும் இல்லப்பா, கடல்ல மிதக்க விடுவாங்களே மிதவை, அந்த பாய்னு சொன்னேன். "அப்ப விரிச்சு படுக்க முடியாதா"ன்னாரு. எங்க அப்பா இப்படித்தான்.

போர்ட் பிளேர்லேந்து (2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்தியாச்சு, ஆனா எங்க ஆட்டோக்காரரு போர்ட் பிளேர்னுதான் சொன்னாரு) வண்டூர் படகுத்துறைக்கு கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். காலைல ஆறு மணிக்கு கிளம்பினா நம்ம ஊரு ஏழு மணி வெயில் அடிக்குது, ஏன்னா அவ்ளோ கிழக்க இருந்துகிட்டு நம்ம டைம்தான் அங்கயும், சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் கடைய சாத்திட்டு போயிடும்.

வண்டூர் கரையில செத்த மரங்க நிறைய கிடக்கு. 2004 சுனாமி அப்ப வந்த நிலநடுக்கத்துல தெற்கு அந்தமான் நிலமே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கீழ இறங்கிடுச்சு, கடல்தண்ணி ஏறி நின்னு மரமெல்லாம் பட்டுப்போச்சு. அப்பா ஒரு வேரு பக்கத்துல நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தாரு. நாங்க நாகப்பட்டினம். கடல் பக்கத்துலயே பொறந்து வளந்த மனுஷன், சுனாமிக்கு அப்புறம் கணுக்காலுக்கு மேல கடல்ல இறங்கி நான் பாத்ததே இல்ல. நாங்க யாரும் ஒண்ணும் பேசல. பக்கத்துலயே முதலை ஜாக்கிரதைன்னு போர்டு வேற, உப்புத்தண்ணி முதலை, அம்மா அத படிச்சதுமே "நான் கரையிலயே இருக்கேன்"னுட்டாங்க.

படகுத்துறைல பையெல்லாம் திறந்து பாக்கறாங்க. பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டு போகவே முடியாது, தண்ணி பாட்டிலுக்கு டெபாசிட் கட்டணும், திரும்பி வந்து பாட்டில காமிச்சாதான் காசு. அம்மா புளிசாதம் கட்டிட்டு வந்த கேரி பேக் அங்கயே போச்சு, நல்லவேளை சாதம் எவர்சில்வர் டப்பால இருந்துச்சு. தீவுல டீக்கடை கூட கிடையாது, ராத்திரி யாரும் தங்கவும் கூடாது. 1983ல இந்த ஏரியாவ மகாத்மா காந்தி கடல் தேசிய பூங்கான்னு ஆக்கியிருக்காங்க, மொத்தம் பதினஞ்சு தீவு, அதுல டூரிஸ்டுக்கு ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும் மட்டும்தான், அதுவும் வருஷத்துல பாதி இது பாதி அது, பவளப்பாறைக்கு ரெஸ்ட் குடுக்கணும்ல. எனக்கு இந்த கெடுபிடி புடிச்சிருந்துச்சு, நம்ம ஊர் பீச்லயும் இப்படி ஒருத்தர் பைய திறந்து பாத்தா எவ்ளோ நல்லாருக்கும்.

படகு மொதல்ல அலையாத்திக் காட்டு நடுவுல மெதுவா போச்சு. வேரெல்லாம் தண்ணிக்கு மேல நண்டுக்கால் மாதிரி நிக்குது. முதலை ஏதாச்சும் தெரியுதான்னு எல்லாரும் அந்த பக்கமே சாய, படகுக்காரரு ஹிந்தில திட்டினாரு. முதலை வரல. ஒரு பெரிய கடல் கழுகு மட்டும் வெள்ளை வயிறோட தலைக்கு மேல ஒரு ரவுண்ட் அடிச்சுட்டு போச்சு. திறந்த கடலுக்கு வந்ததும் சட்டுனு தண்ணிலேந்து வெள்ளியா ஏதோ பறந்துச்சு, பக்கத்துல இருந்த நார்த் இந்தியன் பசங்க கத்தினாங்க, அப்பா அசையவே இல்ல, "பறவைக்கோலா, இத நான் குழம்புலதான் பாத்திருக்கேன்"னாரு.

பெரிய படகு கரை வரைக்கும் வராது, கீழ பவளப்பாறை. கண்ணாடி அடி வச்ச சின்ன படகுக்கு மாத்திவிட்டாங்க. இங்க ஒரு வயித்தெரிச்சல், ஸ்னார்கலிங் (மாஸ்க் மாட்டி, வாயில குழாய் வச்சு மூச்சு விட்டுகிட்டே தண்ணிக்குள்ள பாக்கறது) பேக்கேஜ்லயே இருக்குன்னு ஏஜென்ட் சத்தியம் பண்ணியிருந்தாரு, தீவுக்கு போனா அதுக்கு தனி காசு. போன் பண்ணி சண்டை போடலாம்னா சிக்னலும் இல்ல.

கைடு தமிழ் பையன், தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துலேந்து வந்த குடும்பமாம். அப்பா சும்மா வேடிக்கை பாக்கத்தான் வந்தாரு, அவன் விடல. "ஐயா, டியூப புடிச்சுகிட்டு மிதந்தா போதும், நான் இழுத்துட்டு போறேன்"னு மாஸ்க்க மாட்டிவிட்டான். ரெண்டு நிமிஷத்துல மாஸ்க் பூரா தண்ணி. காரணம் மீசை. மூக்குக்கு கீழ ரப்பர் தோல்ல ஒட்டணும், அங்க முப்பத்தஞ்சு வருஷ மீசை உக்காந்திருக்கு. சிலபேரு ஷேவ் பண்ணிட்டு வருவாங்கன்னு பையன் சொல்ல, அப்பா பாத்த பார்வையில அவன் ரெண்டடி பின்னால போயிட்டான். வாஸ்லின் தடவினா நிக்கும், ஆனா யார்கிட்டயும் வாஸ்லின் இல்ல. கடைசில என் வைஃப் பையிலேந்து லிப் பாம் எடுத்து "மாமா, இத தடவிக்கோங்க"ன்னா. ஸ்ட்ராபெரி. ஒரு டப்பா பூரா காலி.

அப்புறம் தண்ணி வரல. நானும் அந்த டியூபோட இன்னொரு பக்கத்த புடிச்சுகிட்டேன். கீழ ஒரு கிளிமீன் கூட்டம் பாறைய கடிக்குது, காதுல "கரக் கரக்"னு முறுக்கு தின்ற மாதிரி சத்தம் கேக்குது. அதுங்க கடிச்சு முழுங்கற பவளம்தான் பின்னால மணலா வெளிய வருதுன்னு கைடு முன்னாடியே சொல்லியிருந்தான். கடல் சாமந்திக்குள்ள ஆரஞ்சு கலர் கோமாளி மீன் ரெண்டு, எங்கள பாத்து முறைச்சுட்டு உள்ள போறதும் வர்றதுமா இருந்துச்சு. சில இடத்துல பவளம் வெறும் சாம்பல் கலர்ல உடைஞ்சு கிடக்கு, 2010ல கடல் சூடாகி நிறைய வெளுத்து செத்துப்போச்சாம், கண்ணாடி படகுல போறப்ப இத யாரும் சொல்லல.

திரும்பலாம்னு பையன் ரெண்டு தடவ சைகை காமிச்சான், அப்பா தலையவே தூக்கல. நான் தோள தட்டினேன். தூக்கினதும் வாயிலேந்து குழாய எடுத்துட்டு கேட்டாரு, "நம்ம ஊர் கடலுக்கு கீழயும் ஏதாச்சும் இப்படி இருக்குமாடா?" ராமேஸ்வரம் பக்கம், மன்னார் வளைகுடால இருக்குப்பான்னேன். "ம்"னு சொல்லிட்டு திரும்ப தலைய உள்ள விட்டுட்டாரு.

வண்டூர்ல பாட்டில் டெபாசிட்ட வாங்கினப்போ மணி மூணு. வண்டில வர்றப்போ பின்சீட்ல தூங்கிட்டாரு. ஓட்டல் வந்ததும் அம்மா எழுப்ப குனிஞ்சவங்க முகத்த சுளிச்சுட்டு என்ன பாத்தாங்க, "என்னடா உங்கப்பா மேல ஸ்ட்ராபெரி வாசன அடிக்குது?"