குருநகர் ஒழுங்கையில் 21 கன்று: பத்து மாதக் கணக்கு

போன ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு, யாழ்ப்பாணம் குருநகர்க் கரையோர ஒழுங்கை ஒன்றில் 21 மரம் வைத்தோம். வேம்பு 12, பூவரசு 9. இந்த ஆவணியில் உயிரோடு நிற்பவை 13.

நல்லூர்ப் பக்கம் வளவுக்கு வளவு மாவும் பலாவும் நிற்கும். இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, மேலே தகரம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். அந்த மத்தியானத்தில் சுவருக்குக்கூட நிழல் விழாது. கைப்பிள்ளையோடு மதகில் வந்து குந்தும் தாய்மாரைப் பார்த்துத்தான் இந்த ஒழுங்கையை எடுத்தோம்.

குழி எடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு முழம் போனதும் கல். அலவாங்கால் இடித்து இரண்டடி இறக்க ஒரு குழிக்கு அரை நாள் போனது. கோண்டாவில் செம்பாட்டு மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பினோம்.

பூவரசைக் கதியாலாகவே, அதாவது வெட்டிய கிளையாகவே, நட்டோம். கைமொத்தத் தடி, ஆள் உயரம், மேல் வெட்டில் சாணி அப்பி. துளிர் உயரத்தில் வருவதால் ஆட்டுக்கு எட்டவில்லை. வேப்பங்கன்று முழங்கால் உயரம்தான். கூடு கட்டியும் இரண்டை ஆடு முடித்துவிட்டது. ஒரு பூவரசைப் பின்னுக்கு வந்த லொறி முறித்தது.

நட்ட அன்றே ஒரு ஆச்சி கேட்டார்: "தம்பி, மழை பெய்யேக்க எல்லாரும் மரம் வைப்பினம். பங்குனியில ஆர் தண்ணி ஊத்துறது?" எங்களிடம் பதில் இருக்கவில்லை. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது பார்த்தோமே, கொட்டினால் ஒரே கொட்டு. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. கிணறு உவர், குழாய்த்தண்ணீர் குடிக்கவே அளவு. அதனால் மாசி தொடங்கி அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் அடியில் ஊற்றச் சொன்னோம். ஒழுங்கை முடிவில், எந்த வாசலுக்கும் சேராமல் நின்ற ஐந்து வேம்பும் சித்திரைக்குள் கருகிப்போயின. வாசலில் நின்றவற்றில் தண்ணீரில்லாமல் ஒன்றும் போகவில்லை. மரத்தை எங்கே வைப்பது என்பதை இனி வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும் என்று அன்று தீர்மானித்தேன்.

ஒரு வீட்டில் மீன் கழுவிய தண்ணீரையும் வேம்புக்கு ஊற்றினார்கள். இலை ஓரம் தீய்ந்தது. அதைப் பக்கத்துப் பூவரசுக்கு மாற்றச் சொன்னோம். பூவரசு உப்பைத் தாங்கும், கடற்கரை மரமல்லவா? வேம்பும் அப்புறம் தேறிவிட்டது. ஆனியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) பிடித்ததும் எல்லாக் கன்றும் ஒருபக்கம் சாய்ந்தது, தடி ஊன்றிக் கட்டினோம்.

ஆடியில் விழுந்த வேப்பம்பழத்தைப் பொறுக்கி, சதை கழுவி, அந்தக் கிழமையே பால்மாப் பைகளில் போட்டேன். வேப்பங்கொட்டையை வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். 40 பையில் 31 முளைத்திருக்கிறது.

இந்த முறை வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போகிறேன். நிழலோடு கறிக்கும் உதவ வேண்டும் என்று மூன்று வீட்டார் முருங்கை கேட்டிருக்கிறார்கள். ஆச்சி தன் வாசலுக்கு இன்னொரு பூவரசு கேட்டார். கதியாலுக்கு ஆள் பார்த்துவிட்டேன், முதல் மழைக்கு வெட்டித் தருவார்.